விழுந்தபின் நடக்க மறுக்கும் அப்பா: வீம்பா, பயமா, செய்வினையா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: அப்பாவுக்கு 74 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான்கு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து கட்டில், நாற்காலி, கட்டில் என்றே இருக்கிறார். கைத்தடி வாங்கிக் கொடுத்தால் தொடுவதில்லை. பங்காளி வீட்டில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறார். யோகா சொல்லித் தருகிறவர், அகங்காரமும் பயமும்தான் எல்லா நோய்க்கும் வேர் என்கிறார். அது உண்மையா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை அரிக்கிற கேள்வி வேறு என்று தோன்றுகிறது: அப்பாவால் நடக்க முடியவில்லையா, நடக்க மாட்டேன் என்கிறாரா?

முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். "மனசுதான் காரணம்" என்று சொல்வது சுலபம் என்பதாலேயே அதைக் கடைசியில் சொல்ல வேண்டும். விழுந்தபோது தலையில் இடித்துக்கொண்டாரா? வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ஓடும் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலேயே அவற்றில் ஒன்று கசியத் தொடங்கலாம். ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, மூன்று வாரமோ இரண்டு மாதமோ கழித்துத்தான் வெளியே தெரியும். பகலெல்லாம் தூங்கி வழிவார், தலை வலிக்கும், பேச்சு குழம்பும், ஒரு கால் இழுக்கும், குணமே மாறினாற்போல் இருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். "விழுந்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார்" என்பது செய்வினைக்கு ஊரில் சொல்லும் அடையாளம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடுப்பு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விலகாமல் இருக்கும் விரிசல், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. காலை ஊன்றும்போது கவட்டுப் பக்கம் வலிக்கிறது என்றால், பயம் என்று சொல்லித் தள்ளாமல் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள், தேவையானால் எம்.ஆர்.ஐ. பிறகு ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அவர் எழுந்ததும் உலகம் சுற்றுகிறது என்பது நிஜம். அதற்குப் பெரும்பாலும் மாத்திரைப் பெட்டியில் பதில் இருக்கும்: புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், ரத்த அழுத்த மாத்திரைகள், தூக்கத்துக்கு என்று பழகிப்போன அல்பிரஸோலம், குளோனஸிபாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பெட்டியை அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கண்புரை, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை தாழ்வது ஆகியவற்றையும் அதே வருகையில் கேட்டுவிடலாம்.

இவையெல்லாம் இல்லை என்றால், உங்கள் அப்பாவுக்கு இருப்பது பழைய, பெயருள்ள ஒரு நிலை. விழுந்த பின் நடக்க அஞ்சி, நின்றதும் எதையாவது பற்றிக்கொள்ளும் இந்த நிலையை 1982இலேயே 'விழுந்த பின் வரும் கூட்டுக்குறி' என்று மருத்துவ இதழில் விவரித்திருக்கிறார்கள். வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். படுக்கையில் கால்களை மடக்கி உதைக்கச் சொன்னால் பலமாக உதைப்பார். நிற்கவைத்தால் உடம்பு மரமாகும், மூச்சைப் பிடித்துக்கொள்வார், கால்விரல்கள் தரையைக் கவ்வும். இப்போது அவருடைய விரல் நுனி உங்கள் தோளைத் தொட்டால் போதும், ஆட்டம் குறைந்துவிடும். அந்த விரல் எடையைத் தாங்கவில்லை. உடம்பு எங்கே இருக்கிறது என்ற செய்தியை மட்டும் மூளைக்குத் தருகிறது. உண்மையிலேயே கால் பலமிழந்திருந்தால், விரல் நுனியால் தொடுவது உதவாது, கால் மடங்கும்.

பயம் எப்படி ஆளை விழவைக்கிறது என்பது ஊகம் அல்ல, அளந்து பார்த்தது. நடை என்பது யோசிக்காமல் நடக்க வேண்டிய காரியம். பயந்தவர் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிறார். காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. அடி குறுகுகிறது, இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் நீள்கிறது, பார்வை கால்விரலுக்கு முன்னாலேயே கிடக்கிறது. வழியில் மிதியடி மடிந்திருந்தால் கடைசி நொடியில்தான் தெரியும். தெரிந்தாலும் இறுகிய உடம்பால் ஓரடி எட்டி வைத்துத் தப்பிக்க முடியாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து "பாத்து, பாத்து!" என்று கத்துவது இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. "அந்த ஜன்னலைப் பார்த்து வாங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள், அடி நீளும்.

இதற்குமேல் படுக்கை தன் வேலையைச் செய்கிறது. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதம். ஆரம்பத்தில் காரணமில்லாமல் இருந்த பயத்துக்கு இப்போது காரணம் வந்துவிட்டது. அதனால் "பயம்தானே, எழுந்து நடங்க" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்றைய நிலையில் அவர் நிஜமாகவே விழக்கூடும்.

இனி வீம்பு. இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தப்பாகக் கணக்குப் போடுகின்றன. சிட்னியில் 70 முதல் 90 வயதுவரையான 500 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. விழும் ஆபத்து உடலளவில் எவ்வளவு, அவர்கள் மனத்தில் இருக்கும் பயம் எவ்வளவு என்று தனித்தனியே அளந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. நூற்றுக்கு 11 பேர் கால் நன்றாக இருந்தும் பயந்தார்கள். 20 பேர் கால் தளர்ந்திருந்தும் "எனக்கென்ன" என்று இருந்தார்கள். பின்னால் கணக்கெடுத்தபோது, பயம் தனியாகவே விழும் வாய்ப்பைக் கூட்டியிருந்தது. "எனக்கென்ன" கூட்டத்துக்கோ அந்த மிதப்பு ஒரு பாதுகாப்பாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் வெளியே போவதையும் நடப்பதையும் நிறுத்தவில்லை. ஆக, வீம்பு எல்லா இடத்திலும் எதிரி இல்லை. உங்கள் அப்பாவின் வீம்பு தப்பான பக்கம் நிற்கிறது, அவ்வளவுதான்: தடியோடு தெருவில் காணப்படுவதைவிட வீட்டுக்குள் கிடப்பது கௌரவம் என்று அது கணக்குப் போட்டிருக்கிறது. அதை உடைக்க முயன்றால் ஆளும் சேர்ந்து உடைவார். கணக்கை மாற்ற வேண்டும்.

தலைமையாசிரியரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். அளவுகளை அவரே எழுதட்டும். கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி? 12 அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கொள்கிறார்கள். அடுத்தது, 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறார்? 70–74 வயது ஆணுக்கு 12க்குக் கீழே என்றால் குறைவு. கையை ஊன்றினால் சுழியம் என்று எழுத வேண்டும். இந்த எண்கள் வாரம் ஒருமுறை போதும். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் பின்னால் ஓடும், இரண்டாவது வீழ்ச்சி அங்கேதான் நடக்கும்.

பயிற்சியை எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். முதல் வாரம் நாற்காலியில் கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னே இருக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். ஐந்து முறை, பிறகு ஓய்வு. இப்படி மூன்று சுற்று, காலையும் மாலையும். கை ஊன்றலாம். எளிதானதும் மெத்தையை எடுத்துவிடுங்கள், அதன்பின் ஒரு கை, பிறகு கையில்லாமல். அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பத்து, காலைப் பக்கவாட்டில் தூக்குவது பத்து, ஒரு பாதத்தின் முன்னால் மறுபாதத்தை ஒட்டி வைத்துப் பத்து நொடி நிற்பது. இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல் என்று பிடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த வீட்டுப் பயிற்சி ஏறத்தாழ இதே வகைதான்: வாரம் மூன்று நாள் அரைமணி நேரம், கூடவே நடை. உடற்பயிற்சி வீழ்ச்சியைக் குறைக்கிறதா என்று 108 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில் 23 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரையில் இப்படி ஒன்று வந்திருந்தால் வீட்டுக்கு வீடு வாங்கியிருப்பார்கள்.

நடக்கவைக்கும்போது கையைப் பிடித்து முன்னாலிருந்து இழுக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் வேண்டாம், தோள் பிசகும். பலம் குறைந்த பக்கத்தில் அரையடி பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய பெல்ட்டை லேசாகப் பிடியுங்கள். ஆரம்ப நாட்களில் நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேச்சு வந்ததும் நின்றுவிடுகிறார் என்றால், நடைக்கே அவருடைய முழுக் கவனமும் போய்க்கொண்டிருக்கிறது. வேட்டி, லுங்கியின் கீழ்விளிம்பு தரையைத் தொடக் கூடாது, மடித்துக் கட்டட்டும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் பட்டை உள்ளதாக வாங்குங்கள். குளியலறையில் கைப்பிடி என்று நினைத்து எல்லோரும் பிடிப்பது துண்டு போடும் கம்பியை. அது ஆள் எடை தாங்காது. சுவரில் ஆழமாகத் துளைத்துப் பொருத்திய தனிக் கைப்பிடி வேண்டும். எண்ணெய்க் குளியலை இப்போதைக்கு உட்கார்ந்தபடியே முடிக்கட்டும்.

பயத்துக்கு மருந்து, அதை அளந்து அளந்து சந்திப்பதுதான். அவர் அஞ்சும் இடங்களைப் பட்டியல் போடுங்கள்: கூடம், திண்ணை, வாசற்படி, கடைசியில் அந்தக் குளியலறை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று அவரே எண் போடட்டும். சின்ன எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஓர் இடத்தின் பயம் மூன்று நாள் தொடர்ந்து மூன்றுக்குக் கீழே இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். குளியலறையின் முறை வரும்போது, காய்ந்த தரை, பகல் வெளிச்சம், நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கட்டும், குளிப்பது அப்புறம். பயம் கொஞ்சம் இறங்கிய பிறகே வெளியே வர வேண்டும். உச்சத்தில் எழுந்து ஓடிவந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: தரையிலிருந்து எழப் பழக்குவது. முதியவர்கள் பலருக்கு விழுவதைவிட, விழுந்து எழ முடியாமல் கிடப்பதுதான் கிலி. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, நாற்காலிவரை தவழ்ந்து, அதன்மேல் கைவைத்து, பலமான காலை முன்னே மடித்து வைத்து எழ வேண்டும். இதை முதல் முறை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். முட்டித் தேய்மானம் அதிகம் என்றால் வேறு வழி சொல்லித்தருவார். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தடியைப் பொறுத்தவரை, நீங்கள் வாங்கிவந்து கொடுத்ததே தப்பு. அவர் கடைக்கு வந்தோ, படத்தைப் பார்த்தோ, தானே தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம். உயரமான தடி தோளைத் தூக்கும், குட்டையான தடி ஆளைக் குனியவைக்கும். இரண்டுமே "இது உதவாது" என்று அவர் சொல்வதற்கு நல்ல சாக்காகிவிடும். பலம் குறைந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, தடியும் அந்தக் காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலம் குறைந்த காலும் முதலில். கௌரவத்துக்காகக் குடையை ஊன்றுவார்கள் சிலர். அதன் நுனி டைல்ஸில் நழுவும், அனுமதிக்காதீர்கள். முதலில் விடியற்காலையில், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில் பழகட்டும்.

அம்மாவின் செய்வினைக்கு வருகிறேன். இதை அறியாமை என்று ஒதுக்கினால் ஒன்று தவறிப்போகும். "ஏன் இவருக்கு, ஏன் இப்போது" என்ற கேள்விக்கு மருத்துவம் "ஈரத் தரை" என்கிறது. அந்தப் பதிலில் அம்மாவுக்கு ஆறுதல் இல்லை. செய்வினை ஒரு ஆளைக் கொடுக்கிறது. அதோடு அப்பாவின் மானத்தையும் காப்பாற்றுகிறது: அவர் கிழவராகவில்லை, யாரோ அவரைக் கிழவராக்கிவிட்டார்கள். முதுமை என்ற, எதிர்த்துச் சண்டை போட முடியாத ஒன்றைவிட, பங்காளி என்ற, சண்டை போடக்கூடிய ஒருவர் எவ்வளவோ தேவலை. தீமை என்று நாம் பேர் வைப்பதில் ஒரு பகுதி இப்படிப் பயத்துக்கு முகம் வரைவதுதான் என்பது என் கருத்து. இதை யாரும் சோதனைச்சாலையில் நிரூபித்ததில்லை. சாபத்துக்கு அஞ்சியே மனிதர்கள் செத்துப்போகிறார்கள் என்று வால்ட்டர் கேனன் என்ற உடலியலாளர் 1942இல் எழுதினார். ஆனால் அவர் காட்டிய உதாரணங்கள் பெரும்பாலும் பயணிகளும் பிறரும் சொல்லக் கேட்டவை. உறுதியாகத் தெரிந்தது இதைவிடச் சின்னது: திடீர் அதிர்ச்சியில் இதயத்தின் கீழ்ப்பகுதி தற்காலிகமாகத் துவண்டுபோகும் ஒரு நிலையை 1990இல் ஜப்பானில் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வரும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகும். செய்வினைப் பேச்சை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு இதயம் துவளாது. ஆனால் "எழுந்து பயனில்லை" என்ற எண்ணம் கெட்டிப்படும்.

அதனால் அம்மாவோடு வாதாட வேண்டாம். சுற்றிப் போடட்டும். நான்கு நிபந்தனை மட்டும் வையுங்கள்: மாத்திரை நிற்கக் கூடாது, சர்க்கரை இருந்தால் பட்டினி விரதம் கூடாது, பங்காளி பேரை அப்பாவின் காதுபட எடுக்கக் கூடாது, நசுக்கிய எலுமிச்சையை அவர் நடக்கும் வழியில் போடக் கூடாது. கடைசியைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை, வழுக்கும். கோயிலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். தெருமுனைப் பிள்ளையார்வரை நடப்பது பட்டியலில் ஒரு படியாக இருக்கட்டும். ஈரக் கல்தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவது வெகு பின்னால்.

யோகா ஆசிரியரின் வாக்கியத்துக்குப் பதில்: பாதி சரி. கடுங்கோபம் வெடித்த இரண்டு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாக 1995ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ஒஹாயோவில் 660 பேரைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு அதிகம் வாழ்ந்தார்கள். ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறது. எண்ணத்தால்தான் ஆயுள் கூடியது என்பதற்கு நேரடிச் சான்று ஆகாது. போட்டி மனமும் அவசரமும் உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் என்று 1959இல் பிரபலமான கருத்து, பின்னால் வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் நிற்கவில்லை. அகங்காரத்தால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், "உன் ஈகோதான் உன் நோய்" என்று அப்பாவிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான். ஏற்கெனவே தோற்றதாக நினைக்கிறவருக்கு அது இன்னொரு தோல்வி.

பசியில்லை, அதிகாலையில் விழித்து மீண்டும் தூங்குவதில்லை, "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார் என்றால் மனச்சோர்வுக்குத் தனி சிகிச்சை வேண்டும். 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மற்றபடி ஆறு முதல் எட்டு வாரத்தில் நோட்டில் இருக்கும் நொடிகள் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது கதவுநிலையில் கால் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறார், நடக்கும்போது ஒரு கை வீசுவதில்லை, சிறுநீரை அடக்க முடிவதில்லை, மறதி கூடுகிறது என்றால், பயம் என்ற என் கணக்கு தப்பு. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அவர் பணியில் இருந்த காலத்தில் எழுதிய தாள் ஒன்றையும் அந்த நோட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். எழுத்து வரவரச் சிறுத்திருந்தால், பார்க்கின்சன் நோயின் அடையாளத்தை மருத்துவர் அதிலேயே கண்டுகொள்வார்.